சாதியைச் சொல்லாமல் வாழ்பவர் நட்பைத் தேடிக்கொள்ளும் வழி

பென்னாகரம், அரூர், பாலக்கோடு, ஊத்தங்கரை என்று ஏதோ ஓர் ஊரின் காலனியிலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்து, மூக்கண்டப்பள்ளியிலோ ஜூஜூவாடியிலோ நான்கு பேரோடு அறையெடுத்துத் தங்கி, யார் என்ன சாதி என்ற பேச்சு எழும்போதெல்லாம் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொழிற்சாலைகளின் பெண்கள் விடுதிகளில், அம்மாவின் அழைப்பு வந்தால் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போகும் பெண்களுக்கும் இது பொருந்தும். சொல்லியே ஆக வேண்டும் என்று யாரையும் தள்ளுவது என் நோக்கமன்று. மறைக்கக் கற்றுக்கொடுப்பதும் அன்று. சொல்லாமலிருக்கும் காலத்தைப் பொய்யில்லாமல் கடத்துவது, அந்தக் காலத்துக்குள்ளேயே நம்பத்தகுந்த ஒருவரை அடையாளம் காண்பது, சொல்ல முடிவெடுத்தால் சேதமில்லாமல் சொல்வது ஆகியவற்றுக்கான வழிகளே இங்கே உள்ளன.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சாதியைச் சொல்லாதிருப்பது கோழைத்தனமும் அன்று, ஏமாற்றும் அன்று. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில், சாதி கடந்த ஒரு திருமணத்தைக் காரணமாக வைத்து, நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. அன்று பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைகள் இன்று ஷிப்டு பேருந்தில் ஏறி வேலைக்குப் போகிறார்கள். அவர்களோடு அதே பேருந்தில், அந்த நாளை வேறு பக்கத்திலிருந்து கேள்விப்பட்டு வளர்ந்தவர்களும் ஏறுகிறார்கள். இந்த நிலையில் ஒருவர் தன்னைப் பற்றி அளந்து பேசுகிறார் என்றால் அதற்கான காரணத்தை அவர் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கேள்விகள் வரும் வழி

1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் போடுவதைக் கைவிடச் சொன்னது. அதன் பிறகு தமிழ்நாட்டில் பெயரைக் கொண்டு சாதியைக் கண்டுபிடிப்பது கடினமாகிவிட்டது. அது நல்லதுதான், ஆனால் அறியும் ஆசை போய்விடவில்லை. அது வேறு கேள்விகளுக்குள் புகுந்துகொண்டது. "எந்த ஊருங்க?" என்று தொடங்கும். ஊரைச் சொன்னால் "அங்க எந்தப் பக்கம், ஊருக்குள்ளயா, காலனியா?" என்று வரும். அதற்கும் தப்பினால் "எங்க மாமா அங்கதான் பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருக்காரு, அப்பா பேரு சொல்லுங்க, அவருக்குத் தெரிஞ்சிருக்கும்" என்று வரும். பிறகு குலதெய்வம், படித்தபோது தங்கியிருந்த விடுதி, அக்கா கல்யாணம் நடந்த மண்டபம். இவற்றில் எதுவும் தனித்துப் பார்த்தால் தவறான கேள்வியன்று; பல நேரங்களில் கேட்பவர் வெறும் பேச்சுக்குத்தான் கேட்கிறார். ஆயினும் நான்கு கேள்விகள் ஒரே வரிசையில் வந்தால் அது பேச்சன்று, விசாரணை என்று புரிந்துகொள்ளலாம்.

இதற்கு விடைகளை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்வது நல்லது; அந்த நேரத்தில் தேடினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். விடைகள் உண்மையாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். கிராமத்தின் பெயருக்குப் பதிலாக வட்டத்தின் பெயரைச் சொல்லலாம். "அரூர்ப் பக்கம்" என்பது பொய்யன்று. சொன்ன கையோடு அவரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்; தன் ஊரைப் பற்றிப் பேசக் கிடைத்த வாய்ப்பை விடுகிறவர்கள் குறைவு. குலதெய்வம் எது என்று கேட்டால் தெய்வத்தின் பெயரை அப்படியே சொல்லலாம். முனியப்பனும் மாரியம்மனும் எல்லாத் தெருவுக்கும் பொதுவானவர்கள். வீட்டில் தெலுங்கு பேசும் அருந்ததியர் இளைஞர்கள் பலர் அந்த மொழியையே ஒளிக்கிறார்கள். ஓசூர்ப் பகுதியில் அதற்குத் தேவையில்லை, ஏனென்றால் அங்கே தெலுங்கும் கன்னடமும் பல சாதியினரின் வீட்டு மொழிகள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி, நீங்க என்ன ஆளுங்க?" என்று நேராகவே கேட்பவரிடம் நழுவ முடியாது. "அத நான் யாரையும் கேக்கறதில்லைங்க, யாருக்கும் சொல்றதும் இல்லைங்க" என்று சிரித்த முகத்தோடு ஒரே முறை சொல்லி நிறுத்திக்கொள்வதே போதுமானது. காரணம் சொல்லத் தொடங்கினால் வாதமாகிவிடும். இந்த விடைக்கு ஒரு விலை உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. நம் பக்கத்தில் தன் சாதியைச் சொல்லப் பிறர் தயங்குவதில்லை என்பதால், சொல்லாதவர் யார் என்று கேட்டவர் தானே ஊகித்துக்கொள்வார், பெரும்பாலும் சரியாகவே ஊகிப்பார். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. பிறர் ஊகத்தோடு வாழ்வது, நீங்கள் சொன்ன ஒரு பொய்க்குக் காவல் இருப்பதைவிட எளிது.

இன்னொரு சாதியின் பெயரைச் சொல்வது பற்றி

பலர் அந்த நேரத்தின் நெருக்கடியில் வேறொரு சாதியின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். அது முதல் மாதம் உதவும். பிறகு அந்தச் சாதிக்காரர் ஒருவர் அதே ஷிப்டுக்கு வருவார். பங்காளி யார், எந்தக் கூட்டம், எந்த ஊர்க் கோயிலில் பங்கு என்று ஆசையோடு கேட்பார். தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற இரண்டு மாவட்டங்களுக்குள் இந்தக் கேள்விகளுக்கு விடையில்லாமல் நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியாது. ஆனால் மாட்டிக்கொள்வதைவிடப் பெரிய சேதம், மாட்டிக்கொள்ளாமல் இருக்கும் நாட்களில்தான் நடக்கிறது. "நம்ம ஆளுதானே" என்ற நம்பிக்கையில் உங்கள் முன்னாலேயே உங்கள் தெருவைப் பற்றியும் உங்கள் பெண்களைப் பற்றியும் பேசுவார்கள். அதற்கு நீங்கள் சிரிக்க வேண்டியிருக்கும். அப்படிச் சிரித்துவிட்டு வந்த இரவில் அறையில் படுத்திருக்கும்போது வரும் தனிமை, நண்பரே இல்லாதவரின் தனிமையைவிடக் கொடியது.

அண்ணல் அம்பேத்கருக்கும் இந்த நெருக்கடி வந்தது. 1917-இல், கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பியபின், பரோடா அரசின் பணிக்குச் சென்ற அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சிகளுக்கு மட்டுமேயான ஒரு விடுதியில் பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதி, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்துத் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த பார்சிகள் அவரை வெளியேற்றினார்கள். அவருக்கு வேறு வழியிருக்கவில்லை. எனவே அவர் செய்ததை யாரும் குறைசொல்ல முடியாது. நமக்கு இங்கே பாடமாவது அதற்கு அடுத்து நடந்தது. பரோடாவில் அவருக்கு இரண்டு நண்பர்கள் இருந்தார்கள், ஒருவர் இந்து, ஒருவர் கிறித்தவர். நீங்கள் வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார் முதலாமவர். மனைவி வெளியூரிலிருந்து வர வேண்டும், அவரைக் கேட்க வேண்டும் என்றார் இரண்டாமவர். இருவருமே அவரை வெறுத்தவர்கள் அல்லர். அவர்களுடைய வீட்டில் முடிவெடுப்பது வேறு யாரோ என்பதுதான் தடையாக நின்றது. ஒருவருடைய மனம் நல்லது என்று தெரிந்துகொள்வது பாதி வேலைதான் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

அறை, ஆவணம், கைப்பேசி

வாடகைக்கு வீடு தேடும்போது புரோக்கர் வழியாகப் போவதைவிட, ஏற்கெனவே ஆள் இருக்கும் அறையில் ஓர் இடம் காலியாகும்போது சேர்ந்துகொள்வது எளிது. அங்கே வீட்டுக்காரர் புதியவரை அவ்வளவாக விசாரிப்பதில்லை. ஆதார் அட்டையில் சாதி இல்லை, ஆனால் முகவரியில் 'காலனி' என்றோ 'ஆதிதிராவிடர் தெரு' என்றோ இருந்தால் அதுவே சொல்லிவிடும். அரசு ஆவணங்களில் 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார் என்றாலும், உங்கள் கையிலுள்ள அட்டை தானாக மாறாது. வாடகை ஒப்பந்தம் போன்ற முகவரிச் சான்று கிடைத்ததும் ஆதார் மையத்தில் முகவரியை ஓசூருக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றுச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் அறையில் பொதுவான அலமாரியில் வைக்காமல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள். நகல் எடுக்கக் கொடுக்கும்போது உடன் வேலை செய்பவரிடம் கொடுத்தனுப்ப வேண்டாம்.

சாதியைக் காரணம் காட்டி ஒருவரை ஒரு பகுதியில் குடியிருக்க விடாமல் தடுப்பது 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் எந்த வீட்டுக்காரரும் காரணத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. "சொந்தக்காரங்க வராங்க" என்று முடித்துவிடுவார். சட்டம் இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டு அடுத்த வீட்டைப் பார்ப்பதுதான் அன்றைய நாளுக்கு நடைமுறையில் ஆகிற காரியம்.

கைப்பேசியில் பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது வாட்ஸாப் ஸ்டேட்டஸ்தான். அம்பேத்கர் பிறந்தநாளான ஏப்ரல் 14 அன்று நீங்கள் வைக்கும் படத்தை ஊரில் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி அமைப்பில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். முகநூலில் சித்தப்பா மகனும் அவனுடைய கட்சிக்கொடியும் இருப்பதற்காக அவனையே நட்புப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள். பட்டியலைப் பிறர் பார்க்காதபடி மூடி வைத்தால் போதும். புதியவர்களுக்காகத் தன் மக்களை வெட்டிக்கொண்டவருக்கு, ஒரு நாள் உண்மை வெளியானால், திரும்பிப் போகவும் இடமிருக்காது.

யாரைத் தேர்ந்தெடுப்பது

அவசரப்பட வேண்டாம். "நான் சாதியெல்லாம் பாக்கறதே இல்லடா" என்று கேட்காமலே சொல்பவரின் சொல்லை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. அவர் உண்மையாகவே சொல்லலாம். ஆனால் அதைச் சோதிக்கும் நிலை அவருக்கு இதுவரை வந்திருக்காது. எதிர்ப்பக்கத்தில், வண்டியில் தன் சாதிச் சின்னத்தை ஒட்டியிருப்பவர் எல்லாரும் விரோதிகள் அல்லர். அண்ணன் ஒட்டிய ஸ்டிக்கரோடு வண்டியை வாங்கிக்கொண்டவர்களும் உண்டு. ஆனாலும் முதலில் சொல்லும் ஆளாக அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

பேச்சைவிடப் பழக்கத்தைப் பாருங்கள். கேன்டீனில் தட்டெடுக்கும் அம்மாவை அவர் எப்படிக் கூப்பிடுகிறார், கழிவறையைக் கழுவும் பெரியவரை 'வா, போ' என்கிறாரா, 'வாங்க' என்கிறாரா என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். ஒப்பந்த வேலைக்கு வந்திருக்கும் பீகார், ஒடிசா இளைஞர்களை 'வடக்கன்' என்று சொல்லி அவர்கள் குளிப்பதையும் சாப்பிடுவதையும் கேலி செய்கிறவரா என்று கவனியுங்கள். ஓசூரில் இது மிக நல்ல அளவுகோல் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் சாதியைப் பற்றி வெளிப்படையாகப் பேசக் கூடாது என்று தெரிந்தவர்கள்கூட இதில் காவலில்லாமல் பேசிவிடுகிறார்கள். ஆணவக்கொலைச் செய்தி ஒன்று கைப்பேசியில் வந்தால் அவர் முதலில் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். செத்தவரைப் பற்றிக் கேட்கிறாரா, "பொண்ணு எந்த ஆளு, பையன் எந்த ஆளு" என்று கேட்கிறாரா என்பதில் நிறைய இருக்கிறது. அப்போது நீங்கள் கருத்து எதுவும் சொல்ல வேண்டாம். உங்கள் கருத்துக்கு ஏற்ப அவர் தன் பேச்சை மாற்றிக்கொள்ளக்கூடும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான குணம், இரகசியம் காப்பது. இன்னொருவர் தன்னிடம் நம்பிச் சொன்ன வீட்டுச் சண்டையையோ கடன் தொல்லையையோ உங்களிடம் வந்து சுவையாகச் சொல்பவர், எவ்வளவு நல்ல மனத்தவராக இருந்தாலும் உங்கள் செய்தியையும் சொல்லிவிடுவார். தீய எண்ணத்தால் பரவும் செய்திகளைவிட, வாய் அடங்காத நல்லவர்களால் பரவும் செய்திகளே அதிகம்.

நட்பைத் தேடும் இடத்தையும் மாற்றிப் பார்க்கலாம். அறை நண்பர்களுக்குள்ளேயேதான் நெருங்கியவர் கிடைக்க வேண்டும் என்பதில்லை. உண்மையில் அறையில் முறிந்த நட்பு அன்றாட வாழ்க்கையையே முறித்துவிடும். பொதுப் பணித்தேர்வுக்குச் சேர்ந்து படிக்கும் வட்டம், நூலகம், தொழிற்சங்கம், ஞாயிற்றுக்கிழமைக் கிரிக்கெட் அணி போன்றவற்றில் ஆட்கள் ஒரு வேலையின் பொருட்டுக் கூடுகிறார்கள். அங்கே "எந்த ஊரு" என்ற கேள்வி தாமதமாகத்தான் வரும், அதற்குள் உங்களை ஓரளவு அறிந்திருப்பார்கள். உங்களைப் போலவே மறைத்து வாழும் உங்கள் சமூகத்தவர் ஒருவர் அதே லைனில் நின்று வேலை செய்துகொண்டிருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். இருவரும் ஒருவருக்கொருவர் பயந்து ஆண்டுக்கணக்கில் விலகியே இருப்பது நம் பக்கத்தில் நடக்காததன்று. அப்படி ஒருவர் இருப்பதாகத் தோன்றினால் அவரைப் பிறர் முன்னால் கேட்டு மாட்டிவிடாதீர்கள். உங்கள் ஊரின் பெயரை, இம்முறை முழுதாக, அவரிடம் தனியாகச் சொல்லுங்கள். புரிய வேண்டியது புரிந்துவிடும்.

சொல்லும் நாள்

சொல்வதற்கு முன்னால் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை உங்களுக்கே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரிந்திருந்தால் போதுமா, பிறர் இழிவாகப் பேசும்போது அவர் உங்கள் பக்கம் நிற்க வேண்டுமா, வீட்டுக்கு வந்துபோகும் உறவாக ஆக வேண்டுமா என்பவை வெவ்வேறு எதிர்பார்ப்புகள். ஒரே பேச்சில் மூன்றையும் கேட்டால் நல்லவரும் திணறுவார்.

குடித்திருக்கும்போது சொல்ல வேண்டாம். சண்டைக்கு நடுவிலும் சொல்ல வேண்டாம். அறையிலும் வேண்டாம், ஏனென்றால் சொன்ன பிறகு இருவருக்கும் எழுந்து போக இடம் வேண்டும். இராமநாயக்கன் ஏரிக்கரையிலோ சந்திரசூடேசுவரர் மலைப்படிகளிலோ சேர்ந்து நடக்கும்போது சொல்வது நல்லது. பக்கத்தில் நடப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை என்பதால் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அது எளிதாகிறது. ஞாயிறு இரவு தருமபுரியிலிருந்து ஓசூர் திரும்பும் பேருந்து வசதியாகத் தோன்றும்; ஆனால் முன் இருக்கையில் இருப்பவரின் காதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

சுருக்கமாகவும், மன்னிப்புக் கேட்கும் தொனி இல்லாமலும் சொல்லுங்கள். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. எங்க வீடு காலனியில இருக்கு, நாங்க எஸ்.சி. இத்தனை நாளா ஏன் சொல்லலைன்னு உனக்கே தெரியும். இது உனக்கு மட்டும்தான், அறையில யாருக்கும் வேண்டாம்" என்ற அளவு போதும். பெண்கள் விடுதியில் மூத்தவரிடம் சொல்வதானால் "அக்கா, இத உங்கள நம்பிச் சொல்றேன், உங்களோட இருக்கட்டும்" என்று தொடங்கலாம். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். இரகசியம் என்று சொல்லப்படாததை இரகசியமாக வைக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தோன்றுவதில்லை. சொன்ன பிறகு பேசாமல் இருங்கள். "கோவமாடா?" என்று நீங்களே கேட்டால், அவர் உங்களை மன்னிக்க வேண்டியவர் ஆகிவிடுவார்.

முன்பே வேறு சாதியைச் சொல்லி வைத்திருந்தால் இரண்டையும் ஒன்றாகச் சொல்ல நேரும். அப்போது பொய்க்கு மட்டும் வருத்தம் தெரிவியுங்கள், பிறப்புக்கு அன்று. "அன்னைக்குப் பயந்துபோய் வேற சொல்லிட்டேன், அது தப்புதான்" என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

அவர் சொல்லும் மறுமொழிகள் பலவாக இருக்கும். "அதனால என்னடா" என்பது நல்ல மறுமொழி, ஆனால் முடிவான மறுமொழியன்று. அடுத்த சில வாரங்களில் அவர் சாப்பிட உட்காரும் இடமும், ஊருக்குப் போகும்போது உங்களைக் கூப்பிடும் பழக்கமும் மாறுகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். "எனக்கு அப்பவே தெரியும்டா" என்பதைப் பலர் சொல்வார்கள். அதைக் கேட்டு வெட்கப்பட ஒன்றுமில்லை. தெரிந்தும் இத்தனை நாள் உடன் இருந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். "பாத்தா அப்படித் தெரியலையே" என்பது புகழ்ச்சி போல வரும் இழிவு. சொல்பவருக்கு அது தெரியாது. "எப்படி இருந்தா தெரியும்னு நெனச்ச?" என்று அமைதியாகக் கேட்டுவிட்டு அவரை யோசிக்க விடுங்கள், நண்பராக நீடிக்கக்கூடியவர் அந்தக் கேள்விக்குப் பிறகு தலைகுனிவார், மற்றவர் உங்களைக் கோபக்காரர் என்பார். "இத்தனை நாள் ஏன் எங்கிட்ட மறைச்ச" என்று மனம் நொந்துகொள்பவரிடம் மட்டும் சிறிது பொறுமை காட்டலாம், அந்த வருத்தத்தில் நட்பு இருக்கிறது.

செய்தி வெளியே போய்விட்டால்

யார் சொன்னார்கள் என்று தேடும் வேலையில் முதலில் இறங்காதீர்கள். மறுத்துப் பேசவும் வேண்டாம். "ஆமா, அதுக்கு என்ன இப்போ?" என்று ஒரு முறை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டால், உங்களை மிரட்டக் கையில் எதுவும் மிஞ்சாது.

இழிவுபடுத்தல் தொடங்கினால் சட்டம் எங்கே துணை நிற்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், பொதுப் பார்வையில் படும் இடத்தில் ஒருவரை அவமானப்படுத்துவதும் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதும் குற்றம். நான்கு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாதபோது சொன்னது இந்தப் பிரிவில் வராது என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. எனவே யார் யார் உடன் இருந்தார்கள் என்பதைத் தேதியோடும் நேரத்தோடும் அன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை நாள் மறைத்து வாழ்ந்தவருக்கு "அவன் எஸ்.சி. என்று எனக்குத் தெரியாது" என்ற எதிர்வாதம் வரக்கூடும். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தத்தின்படி, குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ நேரில் அறிந்தவராக இருந்தால், சாதியும் தெரிந்திருந்தது என்றே நீதிமன்றம் கொள்ளும். தெரியாது என்று நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு. முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய முன்விசாரணை தேவையில்லை. டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரிதான் புலனாய்வு செய்ய வேண்டும். புகார் வாங்க மறுத்தால் 14566 என்ற தேசிய உதவி எண்ணில் பதியலாம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேராகவோ 15100 என்ற எண்ணிலோ கேட்கலாம். வழக்கு வேண்டாம், தூக்கம்தான் வரவில்லை என்ற நிலையில் இருப்பவர்கள் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசகரிடம் பேசலாம். அங்கே எந்தத் தெரு என்று கேட்க மாட்டார்கள்.

நட்பு காதலாகத் திரும்புகிறது என்று தெரிந்தால் மேலே சொன்ன நிதானம் பொருந்தாது. அங்கே விரைவில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஆபத்து உங்கள் இருவருக்கும், ஊரில் இருக்கும் உங்கள் பெற்றோருக்கும் சேர்த்து. மிரட்டல் வந்தால், சாதி மறுத்து மணம் செய்வோரைக் காக்க மாவட்டந்தோறும் காவல்துறையில் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஆணையிட்டிருப்பதைச் சுட்டி, மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து அதற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிவையுங்கள்.

வீட்டுக்கு அழைப்பது

சொல்லி, சில மாதங்கள் கழிந்து, எதுவும் மாறவில்லை என்று தெரிந்த பிறகு அவரை ஊருக்கு அழைக்கலாம். மாரியம்மன் திருவிழா நல்ல சமயம். அன்று எல்லா வீட்டுக்கும் வெளியாட்கள் வருவார்கள், தனியாக யாரும் உற்றுப்பார்க்க மாட்டார்கள். அவர் வருவதை அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள், அவர் யார் வீட்டுப் பிள்ளை என்பதையும் சேர்த்து. சொல்லாவிட்டால் கடைசி நேரத்தில் தெரிந்து, "நம்ம வீட்டுல கை நனைப்பாங்களா" என்று அம்மா பதறிப்போவார். ஓட்டலில் வாங்கிவந்து வைக்கலாமா என்று அப்பா கேட்பார். வழக்கமாகச் செய்யும் களியும் கோழிக்குழம்பும் போதும் என்று சொல்லுங்கள். நண்பரிடமும் ஒன்று சொல்ல வேண்டும்: "எங்க வீட்டுல சாப்பிட்டேன்" என்று அவர் ஒரு சாதனையைப் போல ஸ்டேட்டஸ் வைக்க வேண்டாம்.

அவர் தன் வீட்டுக்கு அழைத்தால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். பரோடாவில் தடையாக நின்றது நண்பர்களின் மனமன்று என்பது நினைவிருக்கட்டும். உங்களைப் பற்றி வீட்டில் யாருக்குத் தெரியும், தெரியாதவர் கேட்டால் அவர் என்ன சொல்லப் போகிறார், அவருடைய பாட்டியோ பெரியப்பாவோ ஏதாவது சொல்லிவிட்டால் அவர் என்ன செய்யப் போகிறார் என்பதைப் புறப்படும் முன்பே கேளுங்கள். "நான் பாத்துக்கறேன் வாடா" என்பது விடையாகாது. "அம்மாகிட்டச் சொல்லிட்டேன், பெரியப்பா வர்றதுக்குள்ள கிளம்பிடலாம்" என்று அவர் நேர்மையாகச் சொன்னால், போவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். போகாவிட்டாலும் அதனால் நட்பு குறைந்துவிடாது. மறுவாரம் இருவரும் சேர்ந்து கிருஷ்ணகிரி அணைக்குப் போய்வரலாம்.